குட்டிப்பனையின் தூசி

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். வாயால் சொல்லலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். ஒரு தடவை கரண்டு போய்விட்டது. ஒரு தடவை கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்துவிட்டது. மூன்றாம் தடவை நானே பாதியில் எழுந்து கடைக்குப் போய்விட்டேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இது இருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும். சங்கதியைத் திருத்த வேண்டாம்.

போன மார்கழியில் காலேஜுக்குச் செடி சேர்க்க வேண்டும் என்று திருச்சுழிப் பக்கம் நம் பழைய வீட்டுக்குப் பாப்பா என்னைக் கூட்டிப்போனாள். வீட்டுக்குப் பின்னால் துவைகல் பக்கத்துச் சுவரைப் பார்த்ததும் கத்தினாள்.

"அப்பா, இங்க வாங்க! இது மயில்சிகைப்பா. பெரணி. இந்தக் கரிசக்காட்டுல இது எப்படி வந்துச்சு? எங்க மேடம் நம்பவே மாட்டாங்க."

இலையைத் திருப்பி, ஓரம் மடிந்திருந்த இடத்தை நகத்தால் நீவிக் காட்டினாள். மூக்குப்பொடி மாதிரித் தூசி. இதுதான் அதுக்கு வித்து, பூவும் கிடையாது காயும் கிடையாது, ஈரத்தில் விழுந்தால் முதலில் கடுகளவு பச்சைச் செதில் வரும், அந்தச் செதிலில் ஆணும் பெண்ணும் சேர ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டும், அதற்குப் பிறகுதான் செடி என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் கேட்டாள்.

"யாருப்பா கொண்டாந்து வச்சது?"

"தெரியலையே தாயி" என்றேன்.

பொய். ஒன்பது வயசிலும் இதைப் பற்றிக் கேட்டபோது இதே பொய்யைச் சொன்னேன். அந்தத் தடவை ஒரு மனுஷியின் வாழ்க்கை போனது.

அப்போது நான் நாலாப்பு. வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. முந்தின வருஷம் வரைக்கும் அண்ணனும் இருந்தான். உங்கள் பெரியப்பா என்று சொல்ல வேண்டும், ஆனால் பதிமூன்று வயசுப் பையனைப் பெரியப்பா என்று எழுத வரவில்லை. தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகப் போனவன் மேலே வரவில்லை. அவனுக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. காக்கி டவுசர் ஒன்று கொடியிலேயே கிடந்து வெளுத்தது. அதை எடுத்து மடிக்க யாருக்கும் கை வரவில்லை.

அதிலிருந்து கிணற்றுக்குள் நான் எட்டிப் பார்க்கவே கூடாது என்று ஆகிவிட்டது. அப்பா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "கெணத்துல எறங்குனேன்னு காதுல விழுந்துச்சு, ஒன்னைய நானே தூக்கி உள்ள போட்டுருவேன் பாத்துக்க." அப்பாவுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. அம்மாவுக்குத்தான் பயந்தேன். கிணறு என்று யாராவது சொன்னாலே அவள் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். போய், எரியாத அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்திக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம்தான் முதல் வார்த்தை பேசினாள்.

"ஏய்யா, இங்க மரமே கெடையாதா?"

"இருக்கே. வேலிக்கருவ இருக்கு."

"அது மரமா? அது காலுல குத்துறதுக்குன்னே பெறந்தது" என்று சிரித்தாள். அண்ணன் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சத்தமாகச் சிரித்ததில்லை. அம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவுக்குச் சித்தியைப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாவிட்டால் அம்மா கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். சித்தி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நல்ல கை இவளுக்கு" என்பாள். சித்தி வைக்கிற புளிக்குழம்புக்கு அப்பா ரெண்டாவது தடவை சோறு கேட்பார்.

சித்தி பச்சைக்கு ஏங்கினாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்தால்கூட விரலால் தொட்டுப் பார்ப்பாள். "எங்க ஊரு ஓடைக்கரையில ஒரு எலை இருக்கு. கையில வச்சு ஒரு தட்டுத் தட்டி எடுத்தா, அந்த எலையே வெள்ளை வெளேர்னு கையில விழுந்து கெடக்கும். மருதாணிக்குத் தங்கச்சி அது" என்று என் உள்ளங்கையில் தட்டிக் காட்டுவாள். கையில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

கார்த்திகையில் நல்ல மழை. பம்புசெட் தொட்டியில் துணி அலசப் போன சித்தி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் தள்ளி நின்றேன். கையைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். வடக்குப் பக்கச் சுவரில், ஓர் ஆள் ஆழத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பனைமரம் முளைத்திருந்தது. விரல் நீளக் காம்பு, அதன் தலையில் விசிறி. எறும்புகளுக்கென்று யாரோ செய்து வைத்த பனை மாதிரி ஒரு கொத்து.

"பாருய்யா, பனைமரம் குட்டி போட்டுருக்கு!" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அது குட்டிப்பனை. ஊரில் வேறு எந்தக் கிணற்றிலும் அது இல்லை. நான் ஒவ்வொரு பையனாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தை பிறந்து காற்று காய்ந்ததும் அது சுருண்டுவிட்டது. விரலை மடக்கிய சின்னச் சின்னக் கைகளாக, சாம்பல் பூத்து நின்றது. "செத்துப்போச்சு சித்தி" என்றேன். "அது சாகாது. உசுர உள்ள வச்சுக்கிட்டு மூடிக்கிட்டுக் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் விசிறி ஊற்றினாள். மறுநாள் காலையில் விரல் எல்லாம் விரிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ பயமாகவும் இருந்தது. அந்தக் கிணற்றில் செத்த ஒன்று திரும்பி வருவதைப் பார்த்தால் ஒன்பது வயசுப் பையன் என்ன நினைப்பான்? அண்ணனை நினைத்தேன். வெளியே சொல்லவில்லை.

மாசியில் அப்பா கிணற்றை வெட்டி ஆழப்படுத்த ஏற்பாடு செய்தார். தண்ணீர் கீழே போய்விட்டது, வெடி வைத்துத்தான் பாறையை உடைக்க வேண்டும். சித்தி கேட்டுவிட்டு, "பாவம், ஒத்தையா நிக்கிது, வெடியில போயிரும்" என்றாள். "எங்கப்பாரு காவல் பாத்த தோப்புல, இதே மாதிரி ஒரு செடித் தூசிய ஈரச் சுவத்துல நான் தடவி விட்டேன். மறு வருசம் சுவரே பச்சையாயிருச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னை இறங்கச் சொல்லவில்லை. இதை நான் எத்தனை கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

மறுநாள் மத்தியானம், அப்பா அருப்புக்கோட்டைக்கு மிளகாய் லோடு ஏற்றிப் போயிருந்தபோது, நானாகத்தான் இறங்கினேன். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் கால் வைத்து ஒவ்வொன்றாக. மேலே வெயில் கொளுத்துகிறது, மூன்று கல் இறங்கியதும் கணுக்காலில் குளிர் ஏறுகிறது. புறா எச்ச நாற்றம். கீழே கொஞ்சம் தண்ணீர், கரும்பச்சை. அதைப் பார்க்கக் கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டு ஏழு இலை பறித்தேன். ஏறும்போது ஒரு சின்னக் கல் பெயர்ந்து விழுந்தது. 'ளொடக்' என்று ஒரு சத்தம். அண்ணன் விழுந்தபோதும் இப்படித்தான் கேட்டிருக்குமா என்று இன்று வரைக்கும் நினைக்கிறேன்.

டவுசர்ப் பையிலிருந்து இலையை எடுத்து நீட்டியதும் சித்தி முகம் வெளிறிப்போனது. கன்னத்தில் ஒன்று வைத்தாள். உடனே இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுருவாகய்யா. இனிமே எறங்க மாட்டேன்னு என் கையில அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னேன்.

"நானும் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதில் இலைகளைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் இலையை எடுத்தால் தாளில் ஏழு பழுப்பு விசிறி, தூசியிலேயே வரைந்த மாதிரி. மூச்சு விட்டால் கலைந்துவிடும். மெதுவாகத் தட்டிக் கூட்டிப் பொட்டலம் மடித்தாள். ஐப்பசி மழை வரைக்கும் நமுக்கக் கூடாது என்று அடுப்புச் சூடு படுகிற மாடத்தில், உப்புச் சாடிக்குப் பின்னால் வைத்தாள். அந்த இடத்தைத் தவிர வேறு எங்கே வைத்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள்.

பங்குனியில் சித்தப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. சோறு தின்ற கொஞ்ச நேரத்தில் ஆள் சுருண்டுவிடுவார். வாந்தி. அதற்கு முந்தின மாதம்தான் அவர், மாமனார் ஊரில் தோப்பு குத்தகைக்கு வருகிறது, அங்கே போய்விடலாமா என்று அப்பாவிடம் கேட்டிருந்தார். தெருவில் ரெண்டையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். "மலைக்காரப் பொண்ணு, பச்சிலை பாத்து வளந்தவ" என்று ஒருத்தி. "வந்து ஏழு மாசத்துல ஆள மேக்க இழுக்குறாள்ல" என்று ஒருத்தி.

இடுமருந்து என்று ஒன்றைச் சொல்லுவார்கள், உங்களுக்குத் தெரியாது. சோற்றில் ஏதோ பொடியைக் கலந்து கொடுத்து ஆளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்களாம், அது வயிற்றில் தங்கிக் குடலைப் பிடிக்குமாம். எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்க அம்மா உப்புச் சாடியைத் தூக்கும் வரைக்கும் சொல்லவில்லை.

முற்றத்தில் அப்பா பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் வைத்தார். சித்தப்பா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா இது?"

"செடி வித்து" என்றாள் சித்தி.

"வித்தா?" அப்பா ஒரு விரலால் தொட்டு வெயிலில் பார்த்தார். அவர் வித்து பார்க்கத் தெரிந்தவர். மல்லியோ பருத்தியோ கம்போ, கையில் அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்துத்தான் ஒரு வித்தை வித்து என்று ஒத்துக்கொள்வார். ஊரே அவரிடம்தான் கொண்டுவந்து காட்டும். "எனக்கு வித்து தெரியாதா? கண்ணுக்கு நிக்காத வித்து எந்த ஊருத்தா வித்து? இது பொடி."

"நெசமாவே வித்துதான். ஈரத்துல போட்டா மொளைக்கும்."

"அப்படின்னா செடி எங்க இருக்கு? காட்டு."

சித்தி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாரும் என்னைப் பார்த்திருப்பார்கள். வெடி போட்டு அந்தச் சுவரே கிணற்றுக்குள் இறங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. காட்ட ஒன்றும் இல்லை. சாட்சிக்கு நான் ஒருத்தன்தான்.

"எங்க ஊர்ல இருந்து கொண்டாந்தேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் கதை முடிந்தது. ஊரிலிருந்தே திட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள் என்று ஆகிவிட்டது. அம்மா சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒன்னைய என் கூடப் பெறந்தவளாத்தானடி வச்சிருந்தேன்! ஒரு புள்ளையக் கெணத்துக்குக் குடுத்தேன், எங் கொழுந்தனையும் குடுக்கணுமா?" என்று கத்திக்கொண்டே திரும்பி என்னைக் கேட்டாள். "ஏலே, நீதான எந்நேரமும் இவ பின்னாடியே திரிவ? இது என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அம்மா அந்தப் பொட்டலத்தை அப்படியே எடுத்துப் பின்பக்கம் போய்ச் சுவரில் விட்டெறிந்தாள். தாள் விரிந்தது. பழுப்பாக ஒரு புகை மாதிரிக் கிளம்பித் துவைகல்லுக்கு மேலே சுவரில் படிந்தது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடிவந்தாள்.

இடுமருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவர் என்று ஒருத்தரிடம் சித்தப்பாவைக் கூட்டிப்போனார்கள். அவரும், உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் சித்தியின் அப்பா வந்தார். திட்டவில்லை, சண்டை போடவில்லை. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சித்தி போகும்போது வாசலில் நின்ற என் தலையைத் தொடக் கையை நீட்டினாள். அம்மா என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தொடாத" என்றாள். நீட்டிய கை அப்படியே மடங்கியது.

ஆடியில் சித்தப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பையில் கல். எடுத்துவிட்டார்கள், வலி போய்விட்டது. வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு வாரம் போனது. போய்க் கூட்டிவரலாம் என்று சித்தப்பா ஒரு தடவை சொன்னார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்றார் அப்பா. "கல்லு இருந்துச்சு சரி. அப்ப அந்தப் பொடி என்னது?" என்றாள் அம்மா. எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கிணறு வந்துவிடும். நான் திறக்கவில்லை. ரெண்டு வருஷத்தில் சித்தப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள்.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகையில் துவைகல்லுக்கு மேலே, சுவரில் பொடிப்பொடியாகப் பச்சைச் செதில். பாசி என்று நினைத்தார்கள். மாசியில் அதிலிருந்து விரல்கள் வந்தன.

முதலில் பார்த்தது அம்மா. கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டாள். "வச்சுட்டுப் போயிட்டா" என்றாள், செய்வினையைச் சொல்கிற மாதிரி. சித்தி வித்து என்று சொன்னதை யாரும் வாயில் எடுக்கவில்லை. அப்பா சுரண்டினார். அடுத்த வருஷம் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார். கருகியது, வந்தது. பிறகு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தார்கள். பழைய சுண்ணாம்புக் காரை இடுக்கு என்றால் அதுக்குக் கொண்டாட்டம் என்று பாப்பா சொன்னபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோடையில் சுவரெல்லாம் மூடிய கை. முதல் மழைக்கு அத்தனையும் விரியும். அம்மா கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் துணி துவைத்தாள். நான் அந்தக் கல்லில் உட்கார்ந்து ஒரு தடவைகூடக் குளித்ததில்லை. சித்தி என் தலையைத் தொட நீட்டிய கை எப்படி மடங்கியதோ அப்படியே இருக்கும் அந்தச் சுருண்ட இலை.

அப்பா போனார், சித்தப்பா போனார், அம்மாவும் போனாள். யாரிடமும் நான் சொல்லவில்லை.

பாப்பா கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்தும் கடை வேலை, கல்யாணச் சீசன் என்று தள்ளித் தள்ளி, வைகாசியில்தான் இங்கே பாளையம்பட்டியில் பஸ் ஏறினேன். மூன்று பஸ் மாறி அந்த மலையடிவாரத்து ஊர். விசாரித்துப் போனால் சித்தியின் தம்பி வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கையிலிருந்த தேங்காயை விடாமலே பார்த்தார்.

"வாங்க மாப்ளே. நாப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் பஸ்ஸு விட்டாங்களாக்கும் ஒங்க ஊருக்கு?"

"சித்தியப் பாக்கணும் மாமா."

"அக்கா போயிருச்சே. தை கடைசியில."

பாப்பா கேட்டது மார்கழியில். அப்போதே கிளம்பியிருந்தால் ஒரு மாதம் இருந்தது எனக்கு.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். சித்தி மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தோப்பு வேலை, நாற்று நடவு, அவர் பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் அவள்தான்.

"ஒங்க வீட்டப் பத்தி ஒரு கொறை பேசுனதில்ல அக்கா. ஆனா ஒன்னு மாப்ளே. கரண்டியத் தொடாது. காய் அரியும், அரிசி களையும், அடுப்பு எரிக்கும். எடுத்து எலையில வைக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிரும். எம் புள்ளைகளுக்கு ஒரு வாய் ஊட்டுனது கெடையாது. மூத்தவ கல்யாணத்துல, அத்தை கையால பாயாசம் ஊத்துனாத்தான் சாப்புடுவேன்னு புள்ள அடம் பிடிச்சுச்சு. என் கை வேணாம்த்தான்னு சொல்லிட்டு மாட்டுக்கொட்டத்துல போயி உக்காந்துருச்சு."

"அந்த எலையப் பறிச்சது நான்தான் மாமா" என்றேன். கிணறு, பொட்டலம், எல்லாம் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

"இத நீங்க என்ட்டயா சொல்லணும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அங்கே சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். ஊர் வந்து சேர்ந்தும் உங்கள் அம்மாவிடம், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டேன். அவளும் இதைப் படிக்கட்டும்.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் யாரும் செய்து பார்க்கக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுத் தனியாகப் பழைய வீட்டுக்குப் போனேன். வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சுருண்டு கிடந்தன. ஒரே ஒரு இலையைக் கிள்ளி, ஓரத்தை நீவி, உள்ளங்கையில் தட்டினேன். ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. துவைகல்லில் உட்கார்ந்து, சித்தி சோற்றில் கலந்தாள் என்று சொன்ன அந்தப் பொடியை நாக்கால் நக்கி விழுங்கினேன். கசப்பு இல்லை, காரம் இல்லை. கொஞ்ச நேரம் பல்லில் நறநறவென்று இருந்தது. பிறகு அதுவும் இல்லை.